உப்புக் காற்றில் பழைய பிக்கப்: ஒலுவில் கரையோரத்தில் மீட்டெடுத்த வாகனத்தின் அன்றாடப் பயன்பாடு

ஆய்வுச் சுருக்கம்

1980க்கு முன் உருவான பிக்கப் ஒன்றை மீட்டெடுத்து, அதையே தொழிலுக்கும் வீட்டுக்கும் நாள்தோறும் ஓட்ட முடியுமா? இக்கேள்வியை ஒலுவில் துறைமுகத்தை அண்டிய கரையோரத்தை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இலங்கையின் இறக்குமதி வரலாறு, கடற்காற்றில் இரும்பு கறள் பிடிக்கும் முறை, பழைய பொறிகளின் அமைப்பு, ஓட்டத்தின் தேவைகள் ஆகிய நான்கும் வரிசையாகப் பார்க்கப்படுகின்றன. இக்கரையில் வாகனத்தை அழிப்பது உப்பு. வயதுக்கு அதில் சிறு பங்கே உண்டு. ஒழுங்காகக் கழுவி, கிரீஸ் இட்டு, அளவறிந்து சுமையேற்றி ஓட்டப்படும் பழைய வாகனம், கொட்டகையில் பூட்டிவைத்த வாகனத்தைவிட நலமாக இருக்கும் என்பதே இக்கட்டுரையின் முடிவு.

1. அறிமுகம்

1.1 பொருளும் எல்லையும்

ஏணிபோன்ற தனிச் செஸி, திறந்த பின்தட்டு, காபரேட்டரோ எளிய டீசல் பம்போ பொருந்திய எஞ்சின், கணினியின் தலையீடே இல்லாத மின்னமைப்பு: இவை கொண்ட சிறு சுமை வாகனமே இங்கு ‘பழைய பிக்கப்’ எனக் கொள்ளப்படுகிறது. மொரிஸ் மைனர் பிக்கப், ஒஸ்டின் ஏ40 பிக்கப், டட்சன் 620, முதல் இரண்டு தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியன இவ்வகையில் அடங்கும். கண்காட்சிக்கும் திருமண ஊர்வலத்துக்கும் மட்டும் வெளியே வரும் வாகனங்கள் இவ்வாய்வில் சேரா. விடியலில் மீன் வாடிக்கும், காலையில் சந்தைக்கும், பின்னேரம் வயலுக்கும், நோன்பு மாதத்தில் கஞ்சிக் கிடாரத்தோடு பள்ளிவாசலுக்கும் போகிற வாகனமே நமது ஆய்வுப் பொருள்.

1.2 கருதுகோள்

மீட்டெடுப்பு என்றால் கராஜில் தொடங்கிக் கராஜிலேயே முடியும் வேலை என்று பலர் நினைக்கின்றனர். பெயின்ட் மினுங்கியதும் வேலை முடிந்ததாகக் கொள்கின்றனர். பழைய பொறியின் இயல்பு வேறு. ஓடாமல் நிற்கும் வாகனத்தில் பிறேக் சிலிண்டர்கள் இறுகிப்போகும், காபரேட்டருக்குள் பெற்றோல் பிசினாகப் படியும், றப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், மூடிய குழிகளில் ஈரம் தங்கிக் கறள் வளரும். எனவே முறையான அன்றாட ஓட்டமும் மீட்டெடுப்பின் ஒரு பகுதியே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. வரலாற்றுப் பின்னணி

2.1 கதவடைத்த காலங்கள்

இலங்கையில் பழைய வாகனம் உயிரோடு இருப்பதற்கு முதற் காரணம் தேவை. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சிக்காலத்தில் கடும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவின. புதிய வாகனம் அரிதாகவே கிடைத்ததால், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த பிரித்தானிய வாகனங்களை நாட்டின் கராஜ்கள் மீண்டும் மீண்டும் உயிர்ப்பித்தன. கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தார்கள். அழிந்த தகட்டைச் சுத்தியலால் தட்டி உருவாக்கினார்கள். டிங்கர் பாஸ்மாரின் கைத்திறன் அக்காலத்தில்தான் நன்றாக வேரூன்றியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் ஜப்பானிய வாகனங்கள் பெருகின. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் நாடு முழுவதற்கும் பாகம் கொடுக்கும் சந்தையாயின.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் தளர்ந்தது. அந்த இடைவெளியில் பாவித்த வாகனங்களின் விலை ஏறியதை ஊரே அறியும். அரை நூற்றாண்டு இடைவெளியில் வந்த இரண்டு தடைகளும் ஒரே உண்மையைக் காட்டின: பழுதுபார்க்கும் திறன் ஒரு நாட்டின் சேமிப்பு. அதைக் கைவிட்ட சமூகம் நெருக்கடி வந்ததும் நடக்க நேரும்.

2.2 யாழ்ப்பாணச் சான்று

பழைய பொறியின் பொறுமைக்கு யாழ்ப்பாணத்தைவிட வலுவான சான்று இல்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இறுகி, பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. அங்கிருந்த ஒஸ்டின், மொரிஸ் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடான எஞ்சினில்தான் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும் என்பதால் இந்த ஒழுங்கு தேவைப்பட்டது.

அக்கால எஞ்சின்களின் அமுக்க விகிதம் தாழ்வானது. ஒக்டேன் குறைந்த எரிபொருளையும் அவை பெரிய தட்டலின்றி ஏற்றுக்கொண்டன. இதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்ததால் பெயரிங்குகள் விரைவில் தேய்ந்தன. ஆயினும் வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் மக்கள் போய்ச்சேர்ந்தார்கள். அமெரிக்கத் தடைக்குப் பின் கியூபா மக்கள் ஐம்பதுகளின் கார்களை இன்றுவரை ஓட்டுவதும் இதே வகைச் சாதனை. எளிய பொறியும் அதை அறிந்த கையும் சேர்ந்த இடத்தில் போக்குவரத்து முற்றாக நின்றுபோவதில்லை.

2.3 பாத் நகரத்துக் கோட்பாடும் இலங்கைத் தகடும்

பழைய வாகனத்தைக் கைவிடாமல் பேணும் இந்த நடைமுறைக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர். 1982இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டது இது: காரைச் சில ஆண்டுகளில் மதிப்பிழக்கும் நுகர்பொருளாக நடத்தக் கூடாது, வீட்டைப் பேணுவதுபோல் ஆண்டுதோறும் சிறு தொகை செலவிட்டுப் பாகம் பாகமாகப் புதுப்பித்தால் அது தலைமுறை கடந்தும் உழைக்கும். பின்னர் தொண்ணூறுகளில் மொரிஸ் மைனருக்கான தகடுகளையும் பாகங்களையும் இலங்கையில் செய்விக்கும் முயற்சியிலும் அவர் இறங்கினார். வாகனத்தைப் பிறப்பித்த நாடு, அதை வாழவைக்கும் கைகளைத் தேடி இங்கு வந்தது. நமது பாஸ்மாரின் தொழில் உலகத் தரத்துக்கு நிகரானது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

3. களம்

3.1 துறைமுகமும் கரையும்

அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகப் பிரிவில், அக்கரைப்பற்றுக்கும் நிந்தவூருக்கும் இடையில் அமைந்தது ஒலுவில். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்த காலத்தில் முளைத்த கனவான துறைமுகத்தின் கட்டுமானம் 2008இல் டென்மார்க்கின் நிதி உதவியுடன் தொடங்கியது; துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறப்பு விழா கண்டது. அதன்பின் நேர்ந்தது இக்கரையோர மக்களின் நெடுநாள் வேதனை. அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. வாயிலில் மணல் மேடிட்டுப் படகுகள் நுழைய முடியாத நிலை வந்தது. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையை அரித்துத் தென்னைகளையும் நிலத்தையும் விழுங்கியது.

இது வாகனத்தைத் தேர்வதையும் பாதிக்கிறது. மீன் ஒரே இறங்குதுறையில் இறங்காதபோது, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் என ஒவ்வொரு கரைக்கும், ஒவ்வொரு வாடிக்கும் போய் ஏற்ற வேண்டியிருக்கிறது. தார் வீதி முடிந்தபின் மணற்பாதை. பெரிய லொறி அங்கே புதையும். ஆளும் பெட்டியும் ஏற்றி மெல்லப் போய்த் திரும்பக்கூடிய இலகுவான வாகனமே தேவை. இன்று அந்த வேலையை டிமோ பட்டா என்ற சிறு லொறியும் முச்சக்கர வண்டியும் பெரும்பாலும் செய்கின்றன. பழைய பிக்கப் அவற்றின் வரிசையில் நிற்கத் தகுமா என்பதே கேள்வி.

தூரம் இங்கு சாதகமானது. ஏ4 வீதியில் வடக்கே நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது கடந்து கல்முனைச் சந்தை வரைக்கும், தெற்கே அக்கரைப்பற்று வரைக்கும் எல்லாமே ஏறத்தாழ 20 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். ஏற்ற இறக்கமில்லாத சமதரை. பழைய எஞ்சினுக்கு மலையேற்றமும் நீண்ட வேக ஓட்டமுமே பெரும் சுமை. இரண்டுமே இங்கு இல்லை.

3.2 காற்றும் உப்பும்

மாரியில் வாடை கடலிலிருந்து நேரே ஊருக்குள் அடிக்கிறது. சோளகமும் கச்சானும் வீசும் மாதங்களில் வெயிலும் புழுதியும் சேர்கின்றன. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 சதவீதம் உப்பு. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் மிதந்து வந்து தகட்டில் படிகின்றன. கரையை விட்டு உள்ளே போகப் போக இப்படிவு விரைவாகக் குறையும். ஆகவே கடற்கரை வீதியில் நிறுத்தும் வாகனத்துக்கும் பிரதான வீதிக்கு மேற்கே நிறுத்தும் வாகனத்துக்கும் ஆயுளில் வேறுபாடு உண்டு.

உப்பின் கொடுமை அது ஈரத்தைப் பிடித்துவைப்பதில் இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தை எட்டும்போது தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். மழையே பெய்யாத இரவிலும் உப்புப் படிந்த செஸி நனைந்தே இருக்கிறது என்பது இதன் பொருள். அந்த உப்புநீர் மின்னைக் கடத்துவதால் இரும்பின் அரிப்பு விரைகிறது. உருவாகும் கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், இரண்டு தகடு பொருந்தும் விளிம்பை உள்ளிருந்தே பிளந்து, பெயின்டைக் கொப்புளமாகத் தூக்குகிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே நோய் முற்றியிருக்கும்.

4. தகுதியான வாகனங்கள்

4.1 மொரிஸ் மைனர் பிக்கப்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948இல் அறிமுகமாயிற்று. அதன் பிக்கப், வான் வடிவங்கள் 1953 முதல் வந்தன. காருக்குத் தனிச் செஸி இல்லை, பிக்கப்புக்கு உண்டு. மீட்டெடுப்போருக்கு இது பெரிய வாய்ப்பு: கெபினையும் பின்தட்டையும் கழற்றிச் செஸியை வெறுமையாக்கி வேலை செய்யலாம். 803 சிசியில் தொடங்கிய எஞ்சின் பின்னர் 948 ஆகி, 1962இல் 1098 சிசி ஆயிற்று. இதே ஏ-வரிசை எஞ்சின் பல்வேறு கார்களில் 2000ஆம் ஆண்டு வரை தொடர்ந்ததால் பாகம் இன்றும் கிடைக்கிறது.

இதன் எல்லை சுமை. கால் தொன் என்பது சுமார் 250 கிலோ. ஐந்து சிமெந்து மூடையோடு கணக்கு முடிந்துவிடும். சிறு வியாபாரிக்கும் வீட்டுத் தேவைக்கும் அது போதும். மொத்த மீன் வியாபாரத்துக்குப் போதாது.

4.2 ஜப்பானியப் பிக்கப்கள்

1972 முதல் 1979 வரை உற்பத்தியான டட்சன் 620, 1968இல் பிறந்த ஹைலக்ஸ் ஆகியன அரைத் தொன்னும் அதற்கு மேலும் சுமக்கும். நட்டும் போல்டும் மில்லிமீற்றர் அளவு என்பதால் ஊர்க் கராஜில் இருக்கும் ஸ்பானரே போதும். மொரிஸுக்கு அங்குல ஸ்பானர் வேண்டும். ஆனால் டட்சனின் கெபின் தகடு கடற்கரையில் விரைவில் உதிரும். அதற்குப் புதுத் தகடு கிடைப்பது அரிது. தட்டி உருவாக்கும் பாஸ் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். மீன் ஏற்றுவோருக்கு ஜப்பானியப் பிக்கப்பும், கடைக்கும் வீட்டுக்கும் ஓடுவோருக்கு மொரிஸும் பொருந்தும்.

5. மீட்டெடுப்பின் ஒழுங்கு

5.1 முதலில் செஸி

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைக்குச் சிறு சுத்தியலும் திருப்புளியும் போதும். வாகனத்தைத் தூக்கி நிறுத்தி, செஸியின் இரு நெடுஞ்சட்டங்களையும் முன்னிருந்து பின்னாகச் சாண் சாணாகத் தட்ட வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே கறள் தின்ற இடத்தில் ஒலி பொத்தென்று அடங்கும். திருப்புளியால் குத்தினால் முனை உள்ளே போகும். பின் வில்தகடு பொருந்தும் கொளுவிகள், பெட்டிச் சட்டத்தின் அடியிலுள்ள நீர்வடி துளைகள் இரண்டும் தவறாமல் பார்க்கவேண்டியவை. கடற்கரை மணல் அத்துளைகளை அடைத்துவிட்டால் சட்டத்துக்குள் உப்புச்சேறு ஆண்டுக்கணக்கில் தங்கும். கம்பியால் துளையைக் கிளறும்போது செதில் செதிலாகக் கறள் கொட்டினால், அச்சட்டத்தை வெட்டிப் புதிது வைக்காமல் வேறெதுவும் செய்வது வீண்செலவு.

இக்கரையில் இன்னொரு சோதனையும் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் 2011 ஜனவரிப் பெருவெள்ளத்திலும் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. டாஷ்போர்டின் பின்புறத்தில் காய்ந்த சேறு, கதவின் உள்ளடியில் நேர்க்கோடாகக் கறள், வயர்களின் செப்புக்கம்பி பச்சையாகிக் கறுத்திருத்தல் ஆகியவை மூழ்கியதன் அடையாளங்கள்.

வெட்டி ஒட்டும்போது செஸி இலக்கம் பொறித்த இடத்தைத் தொடக்கூடாது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். வருடாந்த வரி அனுமதிப்பத்திரம் எடுக்கும்போதும் விற்கும்போதும் இதில் கவனக்குறைவு பெரும் சிக்கலாகும்.

5.2 அடுத்துப் பிறேக்

அக்காலப் பிறேக்குகள் பல ஒரே சுற்றில் இயங்குபவை; அவற்றில் ஒரு சில்லின் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சில்லுக்கும் பிடிப்பு இல்லாமற்போகும். மொரிஸின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழ், நீரும் மணலும் படும் இடத்தில் இருப்பதால் சோதனை கடினம். அதனாலேயே அது மறக்கப்படுகிறது. மீட்டெடுக்கும்போதே இருசுற்று முறைக்கு மாற்றுவது உயிர்காக்கும் செலவு. இரும்புக் குழாய்க்குப் பதிலாகச் செப்பு–நிக்கல் குழாய் இட்டால் உப்பு தின்னாது.

5.3 எஞ்சினும் மின்னும்

இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் விடைபெற்றது. பழைய வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயமே பாதுகாப்பாக இருந்தது. குறைந்த வேகத்தில் ஓடும் ஊர் வாகனத்தில் தேய்மானம் மெதுவாகவே நடக்கும் என்றாலும், எஞ்சினைப் பிரிக்கும் வேளையில் கடின இருக்கைகளைப் பதித்துவிடுவது அறிவுடைமை. மின்னமைப்பில் ஒவ்வொரு இணைப்பையும் கிரீஸ் தடவி மூட வேண்டும். பழைய வாகனம் நடுவழியில் நிற்பது பெரும்பாலும் பச்சை பிடித்த ஓர் இணைப்பினால்தான்.

5.4 கடைசியில் நிறம்

துத்தநாகம் செறிந்த பிரைமர் முதலில். அது தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். மூடிய சட்டங்களுக்குள் மெழுகுக் கரைசல் பீய்ச்ச வேண்டும். பழைய எஞ்சின் ஒயிலை அடியில் தெளிப்பது ஊர்வழக்கு. அது கறளைத் தடுப்பது உண்மை. ஆனால் றப்பர் புஷ்களையும் பிறேக் குழாயையும் ஊதவைத்து அழிக்கும். மழையில் கழுவுண்டு கிணற்றுக்கும் போய்ச்சேரும். மெழுகுக்குச் செலவிடுவதே மேல்.

6. அன்றாட ஓட்டம்

6.1 கழுவுதல்

மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் நீர் காற்றிலுள்ள உப்பைவிடக் கொடியது. ஐஸ் உருகி, மீனின் சளியோடும் உப்போடும் கலந்து, பின்தட்டின் மூலைக்கு ஓடி, பலகைக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பிளவுக்குள் இறங்கும். பார்த்தால் மேற்பரப்பு காய்ந்திருக்கும். விரலைப் பிளவில் வைத்தால் பிசுபிசுக்கும். எனவே பின்தட்டில் ஒழுகாத தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பெட்டியை வைக்க வேண்டும். சந்தையிலிருந்து திரும்பியதும் நன்னீரால், குறிப்பாக அடிப்பக்கத்தையும் சில்லு வளைவுகளையும், கழுவ வேண்டும். கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பானவை. அந்நீரில் கழுவுவது உப்பை மாற்றிப் பூசுவதாகும். பிறகு நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்த வேண்டும். நனைந்த வாகனத்தைப் பொலித்தீன் உறையால் மூடுவது கறளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

6.2 கிரீஸ்

மொரிஸின் முன்சில்லைத் தாங்கும் மரையிட்ட மூட்டு கிரீஸின்றிக் காய்ந்தால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு உள்நோக்கி மடிந்து வாகனம் சரியும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் இடுவது பழைய ஒழுங்கு. மணலில் ஓடுவோர் அதற்கு முன்பே இடவேண்டும். இதுபோன்ற வேலைக்கு எந்தக் கணினியும் நினைவூட்டாது. சாரதியே அதைத் தன் மாதாந்தக் கடமையாகக் கொள்ள வேண்டும்.

6.3 எரிபொருள்

2022 ஜூலையில் எரிபொருள் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கும் வானுக்கும் வாரம் 20 லீற்றர் என வரையறுக்கப்பட்டது. நல்ல நிலையிலுள்ள மொரிஸ் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் என்று கொண்டால், 20 லீற்றரில் 240 கிலோமீற்றர். கல்முனைக்குப் போய்வர 40 என்றால், வாரம் ஆறு நாளுக்குச் சரியாகிறது. மிக மோசமான பங்கீட்டுக் காலத்திலும் இவ்வாகனம் இக்கரையின் வேலையைச் செய்திருக்கும்.

7. எதிர்வாதங்கள்

*பாதுகாப்பு.* இதுவே மிக வலுவான எதிர்வாதம். மோதலின் விசையை உள்வாங்கும் முகப்போ, காற்றுப்பையோ பழைய பிக்கப்பில் இல்லை. ஏ4 வீதியில் விரையும் பஸ்ஸுக்கு முன் அது பலவீனமானது. செஸியோடு பிணைத்த ஆசனப்பட்டி, இருசுற்றுப் பிறேக், பிரகாசமான பின்விளக்கு, மிதவேகம் ஆகியவை ஆபத்தைக் குறைக்கும், நீக்கா. பின்தட்டில் பிள்ளைகளை ஏற்றுவதை எக்காரணம் கொண்டும் ஏற்க முடியாது.

*புகை.* காபரேட்டர் எஞ்சின் புதிய எஞ்சினைவிட அதிகமாகக் காபன் மொனொக்சைட்டைக் கக்குகிறது. இதை மறைப்பதில் பயனில்லை. ஒழுங்கான டியூனிங்கும் வருடாந்தப் புகைப் பரிசோதனையும் கட்டாயம். மறுபக்கம், புதிய வாகனமொன்றைச் செய்யும்போது உருக்கும் சக்தியும் பெருமளவு செலவாகின்றன. இருப்பதைக் குறுந்தூரத்துக்குப் பேணி ஓட்டுவதில் அச்செலவு மிச்சமாகிறது. நீண்ட தூரம் ஓடுவோருக்கு இந்த நியாயம் பொருந்தாது.

*செலவு.* முதல் மீட்டெடுப்பு மலிவானதல்ல. ஆனால் அப்பணத்தின் பெரும்பங்கு உள்ளூர் வெல்டருக்கும் டிங்கர் பாஸுக்கும் வயரிங் வேலைக்காரருக்கும் போகிறது. புதிய வாகனத்துக்குக் கொடுக்கும் பணத்தின் பெரும்பங்கு நாட்டைவிட்டே போகிறது.

8. முடிவுரை

ஒலுவில் கரையில் மீட்டெடுத்த பழைய பிக்கப்பை அன்றாடம் ஓட்டலாம். செஸி முதலிலும் நிறம் கடைசியிலும் என்ற ஒழுங்கில் அது மீட்கப்பட்டிருக்க வேண்டும்; நாள்தோறும் நன்னீரில் கழுவப்பட வேண்டும்; குறுந்தூரம், அளவான சுமை என்ற வரம்புக்குள் ஓட வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் சில மாரிகளுக்குள் உப்பு வென்றுவிடும். தொடக்கத்தில் முன்வைத்த கருதுகோள் இதனால் உறுதியாகிறது: கராஜில் செய்த வேலையைக் காப்பது அன்றாட ஓட்டத்தின் ஒழுக்கமே.

ஒரு குறை எஞ்சி நிற்கிறது. இத்தொழிலின் கைநூல்கள் ஆங்கிலத்தில், மொரிஸ் போன்றவற்றுக்கு அங்குல அளவில், இருக்கின்றன. நமது பாஸ்மார் அறிந்தவையோ, அதிலும் உப்புக் காற்றுக்கு எதிராக அவர்கள் கண்ட வழிகள், எங்கும் எழுதப்படவில்லை. கை ஓய்ந்தால் அறிவும் போய்விடும். ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு 2012 முதல் பொறியியல் பீடமும் உண்டு. அதன் மாணவர்கள் கல்முனை, அக்கரைப்பற்றுக் கராஜ்களில் இருந்து, பாஸ்மாரின் முறைகளைப் படங்களோடும் மில்லிமீற்றர் அளவுகளோடும் தமிழில் ஒரு பராமரிப்புக் கைநூலாகத் தொகுக்க வேண்டும். அடுத்த இறக்குமதித் தடை வரும் நாளில் இக்கரையோரம் யாரையும் எதிர்பார்க்காமல் தன் வாகனங்களைத் தானே ஓட்டிக்கொள்ள அந்நூல் வழிசெய்யும்.